மூணாம் டிரையர் போட்ட சத்தம்

அந்த விடுதியின் சலவைக்கூடம் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. மேலே தங்கியிருப்பவர்கள் அழுக்காக்கிய விரிப்புகளும் துண்டுகளும் சுவரில் இருந்த ஒரு சரிவுக் குழாய் வழியாகப் பொத்துப் பொத்தென்று வந்து விழும். துவைத்து, உலர்த்தி, மடித்து மேலே அனுப்புவது அவள் வேலை. எந்திர இரைச்சலில் யார் பேசினாலும் கேட்காது. பேசுவதற்கு ஆளும் பெரும்பாலும் இருக்காது. இரண்டுமே அவளுக்குச் சௌகரியமாக இருந்தன. பல வருடங்களாக அங்கே வேலை பார்க்கிறாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் விடுதியில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

வரிசையில் மூன்றாவதாக நின்ற டிரையருக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு. சுற்றி முடித்து நிற்கப்போகிற நேரத்தில் கடைசியாக ஒரு பெருமூச்சு விடும். வேலை பார்த்து அலுத்துப்போன ஆள் நாற்காலியில் உட்காரும்போது விடுகிற மாதிரி. மற்ற டிரையர்கள் பேசாமல் நின்றுவிடும்.

இதை அவள் மேற்பார்வையாளரிடம் சொன்னாள். "ஓடுதுல்ல? அப்புறம் என்ன?" என்றார் அவர். வீட்டில் கணவரிடம் சொன்னாள். "பெல்ட்டா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார். அடுத்த வீட்டில் இருந்த நாத்தனாரிடம் சொன்னாள். "நேரத்துக்குச் சாப்பிடும்மா. வெறும் வயித்துல இருந்தா இப்படித்தான் எதாவது கேக்கும்" என்றார் அவர்.

கடைசியில் அவள் கைபேசியிடம் கேட்டாள். டிரையர் நிற்கும்போது பெருமூச்சு விடுமா என்று எழுதித் தேடியதும் 'இது என்ன சத்தம்' என்ற குழு வந்து நின்றது. அங்கே, எங்கோ ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து, யாரோ அதே பெருமூச்சைப் பதிவு செய்து போட்டிருந்தார்கள். அவள் அதை மூன்று தரம் கேட்டாள். பிறகு குழுவில் சேர்ந்தாள். பெயர் கேட்டது. மூணாம் டிரையர் என்று கொடுத்தாள்.

குழுவின் வேலை சுலபமானது. ஒருவர் ஏதாவது ஒரு சத்தத்தைப் போடுவார், என்ன என்று சொல்ல மாட்டார். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பழைய குளிர்பெட்டியின் கதவு, படிக்கட்டில் உருளும் காலிப் பாட்டில், மழைக்கு முன்னால் தகரக்கூரை முறுக்கிக்கொள்ளும் சத்தம், இப்படி. சரியாகச் சொன்னவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு காதுப் படம் வரும். காதைப் பெற்றவர் மறுநாள் சாயங்காலத்துக்குள் புதுச் சத்தம் போட வேண்டும். தவறினால் காது பறிபோகும்.

விதிகளும் உண்டு. ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. பாட்டு கூடாது. பறவை கூடாது, பறவைக்காரர்களுக்குத் தனிக்குழு இருக்கிறது, அவர்கள் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர்கள் என்பது இங்கே பொதுவான அபிப்பிராயம். மனித உடம்பிலிருந்து வரும் எதுவும் கூடாது. யாரோ ஒருவர் தன் வயிற்றைப் பதிவு செய்து போட, வடிகாலா, கொதிகலனா என்று பெரிய மனிதர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு வந்த விதி அது. அதற்குப் பின் எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அது மனிதராக இருக்கும் என்ற நினைப்பே குழுவில் யாருக்கும் வருவதில்லை.

வாய் திறக்காத அவள் அங்கே எழுதித் தள்ளினாள். மூணாம் டிரையர் அக்கா என்றார்கள். விடுதியில் அவளை அக்கா என்று கூப்பிட்டவர் எவரும் இல்லை.

ஒரு வாரம் ஈரத்தில் ஊறிய மரக்கதவின் சத்தத்தை அவள் ஒருத்திதான் சரியாகச் சொன்னாள். காது கிடைத்தது. மறுநாள் வார விடுமுறை. வீட்டில் இருந்த சத்தங்களை எல்லாம் ஏற்கெனவே போட்டுத் தீர்த்திருந்தாள்: குழாய், மின்விசிறி, அலமாரிக் கீல், மாடி வீட்டில் தினமும் எதையோ இழுக்கும் யாரோ. மத்தியானம் வரை காதைத் தீட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

கூடத்து சோபாவில் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் பஸ் ஓட்டுநர். விடியற்காலை ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட்டு, அந்த சோபாவில் விழுந்தால் சாயங்காலம்தான் எழுவார். டிப்போவில் அவருக்கு அலுங்காதவர் என்று பெயர். தளும்பத் தளும்பத் தேநீர் வைத்திருக்கும் பயணிகூட அவர் பஸ்ஸில் சட்டை நனையாமல் இறங்கலாம். வீட்டில் அவர் குறட்டைதான் எல்லாவற்றையும் அலுங்க வைத்தது. இத்தனை வருடத்தில் அது சுவர்க்கடிகாரம்போல ஆகிவிட்டிருந்தது. அவள் அதைக் கேட்பதே இல்லை. அன்றைக்குச் சத்தம் தேடும் காதோடு இருந்ததால் கேட்டது.

விதி நினைவுக்கு வந்தது. சாயங்காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. கைபேசியை சோபாவின் கைப்பிடியில் வைத்துப் பதிவு செய்தாள். ஒரு நிமிடத்துக்கு அளந்து வெட்டினாள். போட்டுவிட்டாள்.

குழு பிடித்துக்கொண்டது.

முதலில் பழைய பம்பு என்ற பெயர்க்காரர் வந்தார். வாழ்நாள் முழுவதும் தண்ணீர் பம்பு பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உலகத்தில் உள்ள சத்தங்களில் பெரும்பாலானவை பம்பு. "பழைய பம்புதான். உறிஞ்சும் குழாயில் காற்று புகுந்திருக்கிறது" என்று எழுதினார். லிப்ட் இயக்கும் ஒருவர், பெயர் எட்டாவது மாடி, இது பிரேக் தேய்ந்த லிப்ட் என்றார். இருவரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். பிறகு பழைய பம்பு திரும்பக் கேட்டிருக்க வேண்டும்.

"ஒன்று கவனித்தீர்களா? நடுவில் நின்றே போகிறது. பத்து எண்ணுகிறேன், இருபது எண்ணுகிறேன், சத்தமே இல்லை. அப்புறம் திடீரென்று உதறிக்கொண்டு பிடிக்கிறது. மூணாம் டிரையர் அக்கா, இது யார் வீட்டுப் பம்பாக இருந்தாலும் ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்."

எட்டாவது மாடி அதை ஒத்துக்கொண்டார். "லிப்ட்டாக இருந்தாலும் நான் ஆளை ஏற்ற மாட்டேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் படித்தாள். அப்போது தனியாக ஒரு செய்தி வந்தது. வெள்ளைச் செருப்பு என்ற பெயரில் இருப்பவர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா, இது மெஷின் இல்லைன்னு நினைக்கிறேன். விதி பத்தி நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். யாரு இவர்?"

"என் வீட்டுக்காரர்."

"தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது அக்கா. எங்க வார்டுல இதுக்குன்னே வர்றாங்க. பகல்ல அசதியா இருப்பாரா? உக்காந்த இடத்துல கண் சொருகுமா? என்ன வேலை பாக்குறார்?"

"பஸ் ஓட்டுறார்" என்று அவள் எழுதினாள்.

பதில் உடனே வந்தது.

"சீக்கிரம் கூட்டிட்டு வாங்க அக்கா."

அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் இறங்கி முகம் கழுவுவேன் என்று அவர் பெருமையாகச் சொன்னது. குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டியது. போன மாதம் ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய், பயணிகள் சத்தம் போட்ட பிறகு நிறுத்தியது. நிறுத்தச் சொல்லி அடிக்கும் மணி வேலை செய்யவில்லை என்று அதற்குக் காரணம் சொன்னார். அவளும் நம்பியிருந்தாள். மணி சத்தத்தைப் பற்றி அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நாத்தனாரிடம் போனாள்.

"அண்ணி, உங்க தம்பி குறட்டையைக் கேட்டிருக்கீங்களா?"

"சுவத்துக்கு இந்தப் பக்கம் தானே இருக்கேன், கேக்காம எங்க போவேன்? ஆனா எங்க அப்பா முன்னாடி இது ஒண்ணுமே இல்ல. அவர் விட்டா எதிர் வீட்டுக்காரன் எழுந்து லைட்டைப் போடுவான்."

"அவருக்கும் நடுவுல நிக்குமா?"

"நிக்கும் நிக்கும். செத்தாரோன்னு பாப்போம், திரும்ப ஆரம்பிப்பார். ஒரு மத்தியானம் அப்படித்தான் படுத்தார், எந்திரிக்கல. ஒரு நோய் நொடி இல்ல. கொடுத்து வச்ச மனுஷன்." நாத்தனார் கீரையை ஆய்ந்தபடியே அவளை ஏறிட்டுப் பார்த்தார். "ஏம்மா, முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? காலையில சாப்பிட்டியா இல்லையா?"

டாக்டரைப் பார்க்கலாம் என்று கணவரிடம் அவள் ஏற்கெனவே வேறு விஷயங்களுக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஓட்டுநர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் டிப்போவில் கதை கட்டிவிடுவார்கள், அப்புறம் பஸ்ஸைக் கண்ணில் காட்ட மாட்டார்கள் என்பது அவர் கட்சி. அது வெறும் பேச்சும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒருவரை அப்படித்தான் கீழே இறக்கினார்கள். அந்த ஆள் இப்போது டிப்போ வாசலில் கார்களுக்கு வழி காட்டுகிறார்.

சாயங்காலம் அவர் எழுந்து, தேநீரோடு உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு சத்தம் கேளுங்க."

"உங்க வெட்டிக் கூட்டத்துச் சத்தமா?"

"யாருக்கும் பிடிபடல. ஒருத்தர் பம்புங்கிறார், ஒருத்தர் லிப்ட்டுங்கிறார்."

அந்தத் தூண்டிலில் அவர் சிக்கினார். பம்புக்காரனுக்கும் லிப்ட்டுக்காரனுக்கும் தெரியாதது தனக்குத் தெரியும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டார்.

"பம்பாவது ஒண்ணாவது. இன்ஜின். காத்து இழுக்க முடியாம திணறுது. இந்தா, இங்க பாரு, செத்தே போச்சு. இப்ப உயிர் வருது பாரு." தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "மேட்டுல ஏறும்போது இப்படி நின்னா என்ன ஆகும்? பின்னாடி வர்றவன் கதி என்ன? வண்டியில பொம்பளைங்க குழந்தைங்க இருப்பாங்க. எந்தப் புத்தி கெட்டவன் இதை ரோட்டுல எடுக்கிறான்?"

"நீங்கதான்" என்றாள் அவள்.

"நம்ம டிப்போவுல இப்படி வண்டியே கிடையாது."

"வண்டி இல்லங்க. நீங்க தூங்கும்போது எடுத்தது."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் வெட்டுவதற்கு முன்னால் இருந்த முழுப் பதிவையும் போட்டாள். திணறல், மௌனம், உதறல் எல்லாம் வந்து முடிந்த பிறகு சோபாவின் ஸ்பிரிங் முனகியது. அதன் மேல் அவருடைய சொந்தக் குரல், தெளிவாக, சலிப்போடு சொன்னது: "இறங்குறவங்க முன்னாடி வாங்க."

அவர் கைபேசியை உற்றுப் பார்த்தார்.

"இதை ஊர் உலகத்துக்கே போட்டுட்டியா?"

"நீங்கன்னு ஒரு நர்ஸைத் தவிர யாருக்கும் தெரியாது. பம்புன்னுதான் நெனச்சாங்க."

"பம்பா?" என்றார். அது அவரை இன்னும் அதிகமாகப் புண்படுத்தியதாகத் தெரிந்தது.

அவள் நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். அப்பாவைப் பற்றி நாத்தனார் சொன்னதையும் சொன்னாள். ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர் அவளைப் பார்த்ததில்லை. தேநீர் ஆறி ஏடு படிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மணி" என்றார். "போன மாசம். மணி நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இப்பத்தான் தெரிஞ்சுது."

"அந்தப் பம்புக்காரன் என்ன சொன்னான்?"

"ஆள் வந்து பாக்குற வரைக்கும் ஓட்ட வேணாம்னார்."

அவர் கைபேசியை எடுத்து டிப்போவைக் கூப்பிட்டார். "நாளைக்கு என் ரூட்டுக்கு வேற ஆளைப் போடுங்க சார்... இல்ல சார், வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. நேர்ல வந்து சொல்றேன்."

குழுவில் அவள் அன்றே உண்மையைச் சொன்னாள். விதி தெரிந்தே மீறியதாகவும் எழுதினாள். குழுவை நடத்துபவர், யார் என்று யாருக்கும் தெரியாத ஒருவர், சுருக்கமாகப் பதில் போட்டார்: "விதிப்படி உங்களை நீக்க வேண்டும். முதலில் அவரை டாக்டரிடம் காட்டுங்கள். நீக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." காதை மட்டும் எடுத்துக்கொண்டார். பழைய பம்பு இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. அப்புறம், தன் மனைவியையும் ஒருமுறை பதிவு செய்து பார்த்ததாகவும் அவள் சும்மா குறட்டைதான் விடுகிறாள் என்றும் தெரிவித்தார்.

ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் சொன்னதுதான். மூக்கில் மாட்டி, தூங்கும்போது காற்றைத் தள்ளும் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தார்கள். இது உடம்புக்குப் பிடித்துக்கொண்டது என்று டாக்டர் எழுதித் தரும் வரைக்கும் ஓட்டக் கூடாது. டிப்போவில் அவரை விசாரணை ஜன்னலில் உட்கார வைத்தார்கள். அந்த பஸ் எப்போது வரும், இந்த பஸ் ஏன் வரவில்லை என்று பயணிகள் நாள் பூராவும் கேட்டார்கள். டிப்போக்காரர்கள் கதையும் கட்டினார்கள். அலுங்காதவர் என்ற பெயர் போய், கொட்டாவி என்று புதுப்பெயர் வந்தது. வீட்டுக்கு வந்தால் அவர் யாரிடமும் பேசுவதில்லை, நாத்தனாரிடம்கூட.

அவளிடமும் பேசவில்லை. அவளுக்கு அது புதிதில்லை என்றாலும் இந்த முறை உறுத்தியது. அவர் பஸ்ஸைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டது மாதிரி அவளுக்கு இருந்தது. டாக்டர் எழுதித் தராமலே போனால் இந்த மனுஷன் டிப்போ வாசலில் கார்களுக்கு வழி காட்டுவார், தினமும் அதை அவள் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். சலவைக்கூடத்தில் துண்டுகளை மடித்துக்கொண்டே அவள் அதைத்தான் நினைத்தாள். மூன்றாவது டிரையர் பெருமூச்சு விட்டபோதெல்லாம் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

மூச்சு ஒழுங்காகிவிட்டது என்று டாக்டர் எழுதித் தந்தார். டிப்போவில் ஒரு மூத்த ஓட்டுநரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சில நாள் ஓட்ட விட்டுப் பார்த்தார்கள். பிறகு பழைய ரூட்டையே கொடுத்தார்கள்.

அந்த முதல் நாள் காலையில் அவள் எப்போதும் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு நிறுத்தம் நடந்து போய் அவருடைய பஸ்ஸில் ஏறினாள். இத்தனை வருடத்தில் அவர் ஓட்டி அவள் பார்த்ததில்லை. ஜன்னல் மூடியிருந்தது. கண்கள் தெளிவாக இருந்தன. அவர் அவளைக் கண்ணாடியில் பார்த்தார். அவள் அவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டாள்.

"ஓட்டுநரிடம் பேசக் கூடாதுன்னு எழுதிருக்கு, பாக்கல?"

"பாத்தேன்."

"பின்னாடி இடம் இருக்கு, போய் உக்காரு." கண்ணாடியில் இன்னொரு முறை பார்த்தார். "வீட்ல வந்து பேசு."

அவள் போய் உட்கார்ந்தாள். பஸ் அலுங்காமல் கிளம்பியது.