போகும்போது மட்டும் கொதித்த கார்

நேசமலருக்குப் பெயரில் மட்டும்தான் நேசம் என்று வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு கதை உண்டு. மீன்காரன் நிறுக்கும்போது தட்டோடு சுண்டுவிரலையும் வைத்தால், அந்த விரலைப் பிடித்துத் தூக்கி, "இதுக்கும் சேர்த்தோ விலை?" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி கேட்பவள் அவள். வாய் நீளம்தான். ஆனால் அந்த வாயை நம்பித்தான் ஒழுங்கையில் பாதிச் சனம் தமிழருக்குக் கட்டாயமாயிருந்த பொலிஸ் பதிவுக்குப் போனது. சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, போர்க்காலம். விடியப்புறம் எழும்பிச் சோறு, கறி, பொரியல், சொதி என்று ஆக்கி, பார்சல் கட்டி, பழைய ஒஸ்ரின் காரின் பின்சீற்றில் அடுக்கி, தானே ஓட்டிக்கொண்டு செட்டியார் தெருவுக்கும் கொட்டாஞ்சேனைக்கும் கொண்டுபோவாள். நகைப்பட்டறைக்காரரும் அச்சகக்காரரும் மத்தியானம் அவள் வரும் திசையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காரை வாங்கியவர் அவளுடைய கணவர் நாகேந்திரம். கூட்டுத்தாபனமொன்றில் கிளார்க், அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். ஒருநாள் சோதனைச்சாவடியில் இறக்கி, பகல் முழுக்க வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை; வேலைக்கு ரயிலில்தான் போவார். அவர் விட்ட இடத்தில் நேசமலர் பிடித்துக்கொண்டாள்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த கார்தான் திடீரென்று கொதிக்கத் தொடங்கியது. காலையில் ரேடியேற்றர் நிறையத் தண்ணீர் விட்டுக்கொண்டு புறப்படுவாள். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது சூடு காட்டும் முள் எழும்பும். கொட்டாஞ்சேனை போய்ச் சேரும்போது பொனெற்றுக்குள்ளிருந்து ஆவி வரும். திறந்து பார்த்தால் தண்ணீரில் பாதி இல்லை. எங்கே போனது? கீழே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி நிரப்பிக்கொண்டு திரும்பினால், வழி முழுக்கக் கார் பச்சைப்பிள்ளை மாதிரி வரும். போகும்போது கொதிக்கும், வரும்போது கொதிக்காது. என்ன கோதாரி இது!

ஒழுங்கையில் எல்லாரும் வைத்தியராகிவிட்டார்கள். ஒருவர் ரேடியேற்றருக்குள் மஞ்சள்தூள் போடச் சொன்னார், ஓட்டையை அடைக்குமாம். "கார் என்ன கறிச்சட்டியே?" என்று அவரை அனுப்பிவிட்டாள். இன்னொருத்தி கண்ணூறு என்றாள். அதற்குச் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசுக்கியும் பார்த்தாள்; பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தாள். பிள்ளையார் பேசாமல் இருந்தார், கார் கொதித்துக்கொண்டே இருந்தது. இரவெல்லாம் காருக்கடியில் பேப்பர் விரித்து வைத்தாள். காலையில் பேப்பர் காய்ந்தே கிடந்தது. குழாய்களைத் தடவினாள், பெல்ற்றை அமத்தினாள், எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்து பால்தேத்தண்ணி நிறம் காட்டுகிறதா என்று கம்பியை உருவிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

திங்கட்கிழமை, நடக்கக்கூடாத இடத்தில் நடந்தது. காலிமுகத்திடலுக்குப் பக்கத்துச் சோதனைச்சாவடி வரிசையில், முன்னும் பின்னும் வாகனம் நிற்க, கார் புஸ்ஸென்று ஆவியைத் தள்ளிக்கொண்டு நின்றுவிட்டது. அந்த நாட்களில், அந்த இடத்தில், தானாக நின்று புகைகிற கார் என்றால் குண்டு என்று கொழும்பில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பின்னால் நின்ற சனம் கதவுகளைத் திறந்து ஓடியது. துவக்குகள் எல்லாம் அவளைப் பார்த்தன. கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். பின்சீற்றில் இருந்த பார்சல்களைப் பிரித்துத் தெருவில் பரப்பினார்கள். கத்தரிக்காய்ப் பால்கறிக்குள் ஒருவன் குச்சியை விட்டுக் கிண்டினான். இன்னொரு தரம் இங்கே நின்றால் காரும் பொலிசுக்குப் போகும், நீயும் போவாய் என்று சொல்லி விட்டார்கள்.

பின்னேரம் கதை கேட்ட நாகேந்திரத்தின் முகத்தில் இரத்தமே இல்லை.

"காணும், நேசம். காரை விப்பம். பாமன்கடையில கதிர்காமநாதன் கேட்டவர். வெள்ளிக்கிழமை பின்னேரம் வரச் சொல்லப்போறன்."

"கொதிக்கிறதுக்குக் காரணம் கண்டுபிடிச்சா?"

"வெள்ளிக்கு முந்திக் கண்டுபிடியும், பாப்பம். இல்லாட்டி வித்தே தீரவேணும். எனக்கு உம்மைவிட்டா ஆர் இருக்கினம்?"

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் சரி என்றாள். சொன்ன பிறகுதான் கணக்குப் பார்த்தாள். கார் போனால் பார்சல் போச்சு, அதுகூடப் பரவாயில்லை. நாகேந்திரம் ரயிலுக்குப் போனதுபோல அவளும் ஒரு மூலைக்குப் போகவேண்டும். அதை நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை காரை மருதானையில் மக்கீனின் கராஜில் விட்டாள். மக்கீன் நல்ல வேலைக்காரர், கெட்டிக்காரர் என்று பேர் எடுத்தவர். ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவினார், பம்பைப் பார்த்தார், ஒரு மணித்தியாலம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். தண்ணீர் ஒரு விரல்கூடக் குறையவில்லை. கடைசியில் வியாழக்கிழமை தன்னிடம் வேலை செய்யும் சிங்களப் பொடியன் சுனிலைக் காரோடு வெள்ளவத்தைக்கு அனுப்பினார். சுனில் அதே பார்சல்களை ஏற்றிக்கொண்டு, அதே நேரத்துக்கு, அதே காலி வீதியால் கொட்டாஞ்சேனைக்குத் தனியாக ஓட்டிப் போய்க் கொடுத்துவிட்டுக் கராஜுக்குத் திரும்பினான். முள் அசையவில்லை.

"மிஸ், கோவப்படவாணாம்," என்றார் மக்கீன், காரை எடுக்கப் போனவளிடம், கையைத் துணியில் துடைத்தபடி. "வண்டீல ஒரு பிழையும் இல்ல. சுனில் ஓட்டினா கொதிக்கல்ல, நீங்க ஓட்டினா கொதிக்குது. கிளச்சில கால வெச்சிக்கிட்டே ஓட்டுற போல. பொம்பளப் புள்ளயளுக்கு அந்தப் பழக்கம் ஈக்கிதானே."

"என்ர காலைப் பற்றி நீங்கள் கதைக்கத் தேவையில்லை, மக்கீன். பத்து வருசமா இதே காலாலதான் ஓடுறன்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, வீடு வரும்வரை நெஞ்சு எரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கணக்கில் அல்லவா தன்னைச் சேர்த்துவிட்டார்கள்! வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் சமையலுக்குப் பருப்பைக் குக்கரில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். கோபத்தில் மூடியைச் சும்மா மேலே வைத்தாளே தவிரத் திருகிப் பூட்டவில்லை. கொஞ்சநேரத்தில் தீய்ந்த மணம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்படியில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை, ஆனால் உள்ளே தண்ணீரைக் காணோம். எல்லாம் ஆவியாகப் போய், பருப்பு அடிப்பிடித்துக் கிடந்தது.

நேசமலர் அகப்பையோடு அப்படியே நின்றாள்.

ரேடியேற்றர் மூடியும் இப்படித்தான். வைத்துத் திருகினால் முதலில் ஒரு இடத்தில் நிற்கும். அது பூட்டில்லை. உள்ளங்கையால் அமத்தி இன்னும் ஒரு திருகு கொடுத்தால்தான் இறுகும். கொட்டாஞ்சேனையில் கொதித்த காரைத் திறக்கிற போதெல்லாம் அந்த மூடி அமத்தாமலே கையோடு வந்ததே! காலையில் தண்ணீர் விட்டு, தன் கையால் இறுக்கிப் பூட்டுவது அவள்தான். அப்படியென்றால் வழியில் யார் திறந்தது? சுனில் போனபோது ஏன் திறக்கவில்லை? சுனில் சொன்ன ஒரு சொல் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "எங்கயும் நிப்பாட்டல்ல மிஸ். வெள்ளவத்தைச் சாவடியில என்னப் பாத்திட்டு 'யன்ன, யன்ன', போ போ எண்டு கைய காட்டிட்டாங்க."

ஓகோ. அப்படியா சங்கதி.

ஒழுங்கையை விட்டுக் காலி வீதியில் ஏறியதும் முதல் சோதனைச்சாவடி. அவள் தினமும் அங்கே இறங்கி, அடையாள அட்டையையும் பதிவுத் துண்டையும் எடுத்துக்கொண்டு மணல்மூட்டைப் பக்கம் போக வேண்டும். அங்கே பெண் பொலிஸ் உடம்பைத் தடவும். முகம் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். காரைத் திரும்பிப் பார்த்தால் அதட்டு விழும். அந்த நேரத்தில்தான் பொனெற்றைத் திறந்து சோதிப்பார்கள். கோட்டைப் பக்கம் குண்டு வெடித்ததிலிருந்து இண்டு இடுக்கெல்லாம் பார்க்கிறார்கள். எஞ்சின் அப்போது இன்னும் சூடேறியிருக்காது. மூடியைக் கழற்றினாலும் கை சுடாது. அவளுடைய கார் கெட்டுப்போகவில்லை. அவளுடைய காலும் கெட்டுப்போகவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்!

வெள்ளிக்கிழமை காலை. சாவடியில் இறங்கினாள், மணல்மூட்டைப் பக்கம் போனாள், பெண் பொலிஸ் தடவத் தொடங்கியதும் துணிந்து திரும்பிப் பார்த்தாள். நினைத்தது சரி. இளம் சிப்பாய் ஒருவன் மூடியைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, மணந்து பார்த்துவிட்டு, அதைத் திரும்ப வைத்து ஒரு அரைத் திருகு திருகினான். பொனெற்றைச் சாத்தக் கை ஓங்கினான்.

"ஹரியட்ட வஹன்ன, மல்லி!" என்றாள் நேசமலர். சரியாக மூடு தம்பி என்று அதற்கு அர்த்தம். சொல்லிக்கொண்டே காரை நோக்கி நடந்தாள்.

"எஹாட்ட யன்ன!" என்று அவன் கத்தினான். அந்தப் பக்கம் போ என்று துவக்கை உயர்த்தினான். பெண் பொலிஸ் பின்னால் ஓடி வந்து கையைப் பிடித்தது. சத்தம் கேட்டுச் சார்ஜன் வந்தான். தடித்த மனிதன், தூக்கம் போதாத கண்.

அவள் சிங்களத்தில் ஒன்றும் விடாமல் சொன்னாள். நீங்கள் இங்கே அரைகுறையாக மூடுகிறீர்கள், அது காலிமுகத்திடலில் கொதிக்கிறது, அங்கே உங்கள் ஆட்கள் என்மேல் துவக்கு நீட்டுகிறார்கள் என்றாள். சார்ஜனின் கண் சுருங்கியது. எஞ்சினுக்குள் இருப்பது ஒரு பெண்ணுக்கு எப்படித் தெரியும், யார் உனக்குப் பழக்கியது என்று கேட்டான். கேள்விக்குள் இருந்த 'நீ புலியோ' என்ற விஷம் அவளுக்கு விளங்காமல் இல்லை. அந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னவர்கள் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை.

"தண்ணி கொதிக்கிறது சமைக்கிறவளுக்குத் தெரியாதா?" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. பார்சல்களை இறக்கச் சொன்னான். ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள், சீற்றைக் கழற்றினார்கள், வீட்டுக்கு ஆளனுப்பி விலாசத்தை விசாரித்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. கடைசியில் அட்டையைத் திருப்பித் தந்து, போ என்றான்.

அவள் போகவில்லை.

"மூடியை மூடச் சொல்லுங்கள்."

வேண்டுமென்றால் நீயே மூடிக்கொண்டு போ என்றான் சார்ஜன். அவளுடைய கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது மூடி; ஒரு நிமிட வேலை. வேறொருத்தி என்றால் கும்பிட்டுவிட்டு மூடிக்கொண்டு ஓடியிருப்பாள். நேசமலர் அசையவில்லை.

"எவ்வளவும் சோதியுங்கள், சார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. திறந்தவர் மூடட்டும்."

பின்னால் வரிசை நீண்டு, பஸ்காரன் ஹோர்னை அமத்திப் பிடித்தான். இன்னொருவன் ஏசினான். சார்ஜன் அவளைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், பிறகு அந்தச் சிப்பாயின் பக்கம் திரும்பி நாய்க்குச் சொல்வதுபோல ஒரு சொல் சொன்னான். இளம் சிப்பாய் குனிந்து, உள்ளங்கையால் மூடியை அமத்தி, முழுதாகத் திருகினான். அவள் எட்டி ஒரு விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகுதான் காரில் ஏறினாள்.

கொள்ளுப்பிட்டி போனது, காலிமுகத்திடல் போனது, கோட்டை போனது. முள் நடுவிலேயே நின்றது. சாப்பாடு ஆறிப்போய், பாதிப் பார்சல் கலைந்துபோய், கொட்டாஞ்சேனையில் ஒருத்தர் விடாமல் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். திரும்பி வரும்போது மட்டும் காருக்குள் தனியாக, வாய்விட்டு அழுதாள்.

பின்னேரம் கதிர்காமநாதன் வந்தார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வாழ்கிற மனிதர். காரைச் சுற்றி நடந்து, "கொதிக்கிற கார்தானே, பாத்துக் குறைச்சுச் சொல்லுங்கோ," என்றார். நேசமலர் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னாள். முடிக்குமுன் நாகேந்திரம் குறுக்கிட்டார்.

"உமக்கென்ன விசரே? சுட்டிருந்தா? ஒரு மூடிக்காகவே? பயமெண்டது இல்லையே உமக்கு?"

"பயமில்லையெண்டு ஆர் சொன்னது? கால் ரெண்டும் வெடவெடெண்டு நடுங்கினது. நடுங்க நடுங்கத்தான் நிண்டனான்." அவள் போய்ப் பொனெற்றில் கையை வைத்தாள். "இந்தக் காரில பிழையில்லை. என்னிலையும் பிழையில்லை. பிழையில்லாததை நான் ஏன் விக்கவேணும்? இதை வித்தா நாளைக்கு நடந்து போகேக்குள்ள நிப்பாட்டுவாங்கள். பிறகு காலை விக்கிறதே?"

நாகேந்திரம் இறங்கி வந்து காருக்குப் பக்கத்தில் நின்றார்.

கதிர்காமநாதன் தொண்டையைச் செருமினார். "அப்ப நான் அடுத்த கிழமை வரட்டே, நாகேந்திரம்? ஆறுதலா யோசியுங்கோவன்."

"வராதேங்கோ," என்றார் நாகேந்திரம். "நாளைக்குக் காலமை அவவுக்குக் கார் வேணும்."