தெளிவில் சொல்லாதது

நரிக்குடிப் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் இருபது ஆடுகளும் வைத்திருந்த பால்சாமிக்குப் பிறவியிலேயே கூச்சம். நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால் பேச வந்ததை விட்டுவிட்டு நழுவிவிடுவார். கல்யாணத்துக்கு முந்தைய வாரம் கூட்டாளி ஒருவன் ஊற்றிக் கொடுத்தபோது, அவருக்கே ஆச்சரியமாகப் பேச்சு தாராளமாக வந்தது. அன்று பிடித்த குடி இருபத்திரண்டு வருஷம் விடவில்லை. மனைவி முனீஸ்வரியிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் குடித்துவிட்டுத்தான் பேசுவார். அவள் வாடை தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போன வருஷம் அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்துக் குடியை நிறுத்தினார். "கூச்சத்துக்கு மருந்தாத்தான் இத்தன நாளும் குடிச்சிருக்கீங்க. இனி அந்தக் கூச்சம் திரும்பி வரும். வீட்டுல பேசிப் பழகுங்க" என்றார். பால்சாமி மாத்திரையை மட்டும் தவறாமல் சாப்பிட்டார்.

குடியை விட்ட எட்டாவது மாதம் முனீஸ்வரி நெஞ்சுவலியில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது பேசுங்க, கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள். சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சுவரை வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தண்ணி தரவா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த பிறகு, மகள் ரேணுகாதேவியிடம் ஒருநாள் வாய் திறந்தார். "ஒங்கம்மா இல்லேன்னா நான் என்னைக்கோ சீரழிஞ்சு போயிருப்பேன்."

"இத அம்மாகிட்ட சொன்னீகளாப்பா?"

"எத்தனையோ தடவ சொன்னேன் தாயி. எல்லாம் குடிச்சிட்டுச் சொன்னது. அவ ஒண்ணையும் நம்பல."