வெள்ளவத்தையில் நான் பிடித்த கதவு

கொழும்பு வெள்ளவத்தை ஏஜென்ற் சிவானந்தன் எனக்கு அறுபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். என் குடும்பத்தைக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி எண்பத்துநாலில் வாங்கிய காசு. அதை நான் திருப்பி எடுத்தது பற்றி நாங்கள் இருக்கும் கொட்டாஞ்சேனையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. என்றாலும் அடி வாங்கியவனும் கொடுத்தவனும் நான்தான். நான் சொல்வதுதான் சரியான கதை.

என் பெயர் நோபேட். பதினாலு வயதில் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமியாகச் சேர்ந்தேன். மற்றவன் ஒரு மூட்டை தூக்கினால் நான் இரண்டு தூக்குவேன். முப்பத்தைந்து வயதில் இரண்டு லொறிக்குச் சொந்தக்காரன். ஒருவனும் எனக்கு ஒரு சதம் தந்து உதவியதில்லை.

எண்பத்துமூன்று ஆடியில், தமிழரை அடித்த கலவரத்தில், ஒரு லொறியைக் கிராண்ட்பாஸ் சந்தியில் மறித்துக் கொளுத்தினார்கள். ட்றைவர் உள்ளே இருந்தான். கதவைத் திறக்க விடவில்லை. அவனுடைய எலும்பை நான்தான் சாக்கில் பொறுக்கிக்கொண்டு போய்ப் புதைத்தேன். அதற்குப் பிறகு மற்ற லொறியை விற்று, மனைவி ஐறீனையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மெட்ராசுக்குப் போனேன். அங்கே ஆறு மாதம், பிறகு கனடா என்றான் சிவானந்தன். மெட்ராசுக்கு வந்து காசை வாங்கிய கையோடு அவன் கொழும்புக்குத் திரும்பிவிட்டான். எங்களுக்கு ஆறு மாதம் மூன்று வருடமாக நீண்டது.

வெளிநாட்டு வாழ்க்கை என்று பெயர். சிலோன்காரன் என்றால் வாடகை இரட்டிப்பு. லொறி முதலாளி நான் பாரிமுனையில் மறுபடியும் மூட்டை தூக்கினேன். கூலியைக் குறைத்த மேஸ்திரியின் தாடையை முதல் வாரமே உடைத்தேன். அதன் பிறகு குறைக்கவில்லை. தண்ணீர்ப் பம்படியில் ஒருத்தி குடத்தால் அடித்து ஐறீனின் நெற்றி பிளந்தது. கொட்டாஞ்சேனையில் அயலாரோடு சத்தமாகக் கதைத்தும் அறியாதவள், அந்தப் பெண்ணைத் தலைமயிரில் பிடித்துத் தெருமுனைவரை இழுத்துப்போனாள். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவளுக்கு இருக்கவில்லை.

மூத்தவன் கிளெமென்ற் பதினாறு வயதில் இடுப்பில் துவக்கோடு வீட்டுக்கு வந்தான். எந்த இயக்கம் துப்பாக்கி கொடுத்தது என்றும் கேட்கவில்லை. அறைந்து விழுத்தி, துவக்கைப் பறித்துக் கூவத்தில் எறிந்தேன். அடுத்த நாள் இயக்கப் பொடியள் நாலு பேர் வந்து பிள்ளைகளுக்கு முன்னாலேயே என் முன்பல் இரண்டையும் உதிர்த்துவிட்டுப் போனார்கள். போகும்போது, "மாத முடிவில வருவம். மகனை ரெடியா வையுங்கோ," என்றார்கள்.

வாயைக் கழுவிவிட்டு ஐறீனுக்குச் சொன்னேன்: "அங்க சிங்களவன் அடிச்சான். இங்க எங்கட பொடியளே அடிக்கிறாங்கள். அடிதான் சாப்பாடெண்டால் சொந்த ஊரில போய்ச் சாப்பிடுவம்."

"ரிக்கற்றுக்கு ஆரப்பா காசு தாறது?"

"சிவானந்தன் தருவான்."

"அவன் சிரிச்சுக்கொண்டே தருவான், நீங்க போங்கோ," என்றாள். சொல்லிவிட்டுத் தாலிக்கொடியைக் கழற்றித் தந்தாள். அதை விற்ற காசில் நான் மட்டும் கொழும்புக்கு வந்தேன். மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரை ஒழுங்கை ஒன்றில், ரயில் பாதைக்கு முதுகு காட்டியபடி அவனுடைய வீடு. அவன் மனைவி அருந்ததி கதவை அரைவாசி திறந்து, "அவர் இல்லை அண்ணை," என்றாள். உள்ளே யாரோ இருமினார்கள். தோளால் ஒரு இடி கொடுத்தேன். தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

சிவானந்தன் மேசையடிக் கதிரைக்குப் பின்னால் நின்றான். சேட்டில் பிடித்து இழுத்து அறைந்தேன்.

"அண்ணை, அடிச்சால் காசு வராது!"

"வரும்வரைக்கும் அடிக்கிறன். குடும்பத்தைத் திருப்பி இஞ்ச கொண்டுவர எனக்கு அது வேணும்."

மூன்றாவது அடியில் மூக்கால் இரத்தம் வந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் கத்தினார்: புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டாம், பிணம் குவிந்து கிடக்கிறதாம், கேற்றைப் பூட்டுங்கோ! பெருந்தெருவான காலி வீதியில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை எண்பத்துமூன்றிலும் கேட்டவன் நான்.

கொஞ்ச நேரத்தில் ஐந்து பேர் கேற்றால் ஏறிக் குதித்தார்கள். குண்டில் செத்தவர்களுக்காக வந்தவர்கள் இல்லை. இந்த வீட்டில் காசு இருக்கிறது என்று தெரிந்து, நாள் பார்த்து வந்தவர்கள். "ஏஜென்ற் மாத்தயா! சல்லி கோ?" காசு எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்கள். நானும் அதைத்தானே கேட்க வந்தேன்.

கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உடைத்தவன் நான். வேறு வழி? நானே தாழ்ப்பாளாக நின்றேன்.

தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளிப் பிடித்தபடி, "மல்லி, கெதர பலயங்!" என்றேன், வீட்டுக்குப் போ தம்பி என்று. புறக்கோட்டைச் சிங்களம், அசல். பதிலுக்கு ஒரு அலவாங்கின் இரும்பு முனை கதவிடுக்கால் உள்ளே வந்தது. அது கதவை நெம்பி விட்டபோது என் வலக்கை விரல்கள் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் அகப்பட்டன. நாலு விரலும் முறிந்தது எனக்கே கேட்டது.

திரும்பிப் பார்த்தால் சிவானந்தன் ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குசினி அடுப்பைத் தாண்டிப் பின்வாசலை நோக்கி ஓடுகிறான். என்னுடைய காசு ஓடுகிறது. நான் கதவை விட்டால் இவர்கள் உள்ளே வருவார்கள். விடாவிட்டால் அவன் ரயில் பாதையால் போய்விடுவான்.

"தங்கச்சி, பிடி அவனை!"

"எங்களை விட்டிட்டோ போறாய், நாயே!" என்றாள் அருந்ததி. குக்கர் மூடியால் முகத்தில் ஒரு அடி. விழுந்தான். விழுந்த பிறகும் இரண்டு அடி அடித்தாள். எனக்கே போதும் என்றிருந்தது.

அந்த மூச்சில் இடக்கையால் அலவாங்கைப் பிடித்து உள்ளே இழுத்தேன். இழுத்ததைத் திருப்பி, இடுக்கால் ஒருவனுடைய முழங்காலில் இறக்கினேன். அவன் போட்ட சத்தம் கடல்வரை கேட்டிருக்கும். அடுத்தவன் தலையைக் கொடுத்தான், தலையிலும் விழுந்தது. செத்தானா பிழைத்தானா தெரியாது. விசாரிக்கவும் இல்லை. பிறகு ஊரடங்கு என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஆமி ட்றக் ஒன்று காலி வீதியால் போனது. மற்றவர்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

சிவானந்தன் தரையில் இருந்தபடியே, "இனியும் குடும்பத்தை இஞ்ச கொண்டு வரப்போறீங்களோ அண்ணை? பார்த்தனீங்கள்தானே," என்றான்.

"என்ர வீட்டுக் கதவை நான் பிடிப்பன். நீ காசை எடு."

அவன் அசையவில்லை. அருந்ததி பையைப் பறித்து மேசையில் கொட்டினாள். எல்லாம் ஆயிரம் ரூபாய்த் தாள். என் வலக்கை ஊதி, விரல்கள் மடங்காமல் விரிந்தபடியே நின்றன. அந்தக் கையைத்தான் நீட்டினேன். அவள் வாய்விட்டு எண்ணி ஒவ்வொன்றாக வைத்தாள். ஐம்பத்தெட்டில் நிறுத்தினாள்.

"தாழ்ப்பாள் உடைச்சனீங்கள் அண்ணை."

"அதுக்குப் பிறகு கதவில நிண்டது ஆர், தங்கச்சி?"

அவள் என் விரல்களைப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது என்றாள். அறுபது என்றாள்.