பங்குக் கிணற்றுக்கு நான் வாங்கிய சம்மதம்

கல் மண்டிய கலட்டி நிலத்தைக் கொத்தி, மண் பரப்பிப் புகையிலைத் தோட்டமாக்கினேன். இடம்பெயர்ந்து திரும்பியபோது இடிந்து கிடந்த பங்குக் கிணற்றைத் தூர்வாரி, கட்டுக் கட்டி, மோட்டர் பூட்டினேன். கல்வீடு எழுப்பினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட நான் மகளை டொக்டராக்கினேன். எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் இதை ஒருவரும் மறுக்க முடியாது. மனைவி போனபின் அந்தக் கல்வீட்டில் நான் மட்டும்தான்.

மகள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். தோட்டத்து உரம் கிணற்றில் இறங்கி, குடிப்பவர் உடம்பை என்ன செய்கிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்கு வெளிநாட்டு அரசாங்கங்களின் உதவிப்பணம் தேடினாள். பெரும்பாலானவை அந்தந்த நாட்டவருக்கு மட்டும். ஒன்றுதான் எங்களைப் போன்றவர்களும் கேட்கலாம் என்றது. ஆனால், தண்ணீர் எடுக்கும் கிணறுகளின் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டுமாம்.

"உதென்ன பெரிய வேலை? நான் ஓம் எண்டால் ஊரே ஓம்."

"அது அவையளுக்குக் காணாதப்பா. எங்கடை கிணத்திலை பங்குள்ள எல்லாரும் தாங்களே சொல்லவேணும்."

பங்குக் கிணறு என்றால் பல குடும்பத்துக்கு ஒரு கிணறு. முறை வைத்து இறைப்போம். இப்போது முறைக்கு ஆளில்லை. பங்காளர் எல்லாம் கனடா, லண்டன்.

காலைத் தேத்தண்ணியோடு ஒவ்வொருவருக்காகப் போன் எடுத்தேன். தண்ணி உவராப் போச்சோ, மாமரம் நிக்குதோ என்று விசாரித்தார்கள். என்னை ஒருவரும் விசாரிக்கவில்லை.

கடைசியில் தம்பி. வேலிச் சண்டைக்குப் பிறகு நாங்கள் கதைத்ததில்லை.

"அண்ணை! ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?"

"இல்லையடா. கிணத்து விசயம்."

விளக்கிச் சொன்னேன்.

"கிணத்துக்கோ எடுத்தனீங்கள்? ஓம், தண்ணியை எடுக்கச் சொல்லுங்கோ. வேறை ஒண்டுமில்லையோ அண்ணை?"

"இல்லை" என்று வைத்துவிட்டேன். பிறகும் போன் கையிலேயே இருந்தது.

உதவிப்பணம் கிடைத்தது. தொடக்க விழாவில் அந்த அரசாங்கத்துக்கு நன்றி சொன்னார்கள், பல்கலைக்கழகத்துக்குச் சொன்னார்கள், கடைசியில் 'ஊர் மக்களுக்கும்' என்றார்கள். பின்வரிசையில் தனியே இருந்து கேட்டேன்.

எந்த ஊர் மக்கள்? அந்தக் கிணற்றடியில் இன்றைக்கு நிற்பவன் நான் ஒருவன்தான். ஆகவே மகளே, எல்லோரும் அறியவே எழுதுகிறேன். அறிக்கை அச்சாகும்போது, சம்மதம் வாங்கித் தந்தவர் என்று என் பெயரைப் போடு. பக்கத்தில் உன் சித்தப்பாவின் பெயரையும் போடு. அச்சானதும் நானே அவனுக்குப் போன் எடுத்துச் சொல்லிக்கொள்வேன்.