பத்துக் கட்டிலுக்கு ஒரு குழாய்

போன வாரம் கொரட்டூர் ஸ்டேஷன் ரோட்டு மளிகைக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் சிவப்புக் கார்பாலிக் சோப்பின் வாசனை குப்பென்று ஏறியது. உங்களுக்கு அது பழைய குளியலறையை நினைவுபடுத்தலாம். எனக்கு மல்லிகா அக்காதான்.

நர்சிங் முடித்து, ஆவடிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்த புதிது. ஆண்கள் வார்டில் பத்துக் கட்டில். கை கழுவ, கடைசிக் கட்டிலுக்கு அப்பால் ஒரே ஒரு குழாய். அதற்கு மேலே 'கைகளைக் கழுவுவீர்' என்று எழுதி ஒட்டியது நான்தான், கையெழுத்து அழகாம். அந்தப் பெருமை வேறு. எழுதிய நானே பாதி நாள் கழுவியதில்லை, எங்கே நேரம்? ஒழுங்காகக் கழுவியவர் தரை துடைக்கும் மல்லிகா அக்கா ஒருவர்தான். கோவில்பதாகையிலிருந்து வருவார். ஆஸ்பத்திரி சோப்பை நம்பாமல் வீட்டிலிருந்தே சிவப்புச் சோப்பில் ஒரு துண்டு கொண்டுவருவார்.

ஒருநாள் காலை பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். ஆறாம் கட்டில்காரரின் சீழ் பிடித்த காலை அழுத்திப் பார்த்துவிட்டு, அதே கையோடு ஏழாம் கட்டிலுக்குத் திரும்பினார். அங்கே சேகர். பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். முழங்காலில் ஆபரேஷன் முடிந்து மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர்.

அக்கா துடைப்பதை நிறுத்தினார். "சார், கைய கழுவிகினு அவரத் தொடு சார். தோ, கொழா அங்கதான் கீது."

டாக்டர் சிரித்தார். "யாரும்மா இது, புது சீஃபா?" என்றபடியே சேகரின் கட்டைப் பிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். ட்ரேயைப் பிடித்திருந்த நானும்தான்.

வீட்டுக்குப் போன சேகர் நான்காம் நாள் காய்ச்சலோடு திரும்பி வந்தார். தையல் முழுக்கச் சீழ். கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் மனைவி காரணம் கேட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். விசாரணை என்று ஒன்று வைத்தார்கள்.

"டாக்டர் கை கழுவாம தொட்டாருன்னு மல்லிகா சொல்லுது. நீ பாத்தியாம்மா?" என்றார் மேனேஜர்.

"கவனிக்கல சார்."

எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அது காரணமா சாக்கா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

'துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதி அக்காவை அன்றே அனுப்பிவிட்டார்கள். கேட் அருகே என்னைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னா சிஸ்டர், வாயையும் சேத்து கழுவிகினியா?"

அவ்வளவுதான். பஸ் ஏறிவிட்டார்.

அந்த ஆஸ்பத்திரி இப்போது வேறு பெயரில், கண்ணாடிச் சுவரோடு நிற்கிறது. வார்டு போய்த் தனி அறைகள் வந்துவிட்டன. பல வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில்பதாகைக்குப் போய் விசாரித்தேன். அக்கா குடியிருந்த ஓட்டு வீட்டு வரிசை இல்லை. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. மல்லிகா என்ற பெயரே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

நான் வருத்தப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் இல்லை என்றதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி.