கீரிக்காக நின்ற பேருந்து

நாகல் நகரிலிருந்து நத்தம் சாலையில் இருக்கும் ஒரு பள்ளிக்கு தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிறேன். அறிவியல் ஆசிரியை. சாலையை அகலப்படுத்திய பிறகு வண்டிகளின் வேகம் கூடிவிட்டது. அடிபட்டுச் செத்துக் கிடக்கும் பிராணிகளைப் பார்க்காததுபோல் கடந்துபோக எனக்கு இன்னும் பழகவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, குச்சியால் புதருக்குள் தள்ளிவிட்டுத்தான் போவேன். அப்படியே விட்டால், தின்ன வரும் காகமும் அடிபடும்.

போன ஆடியில் ஒரு காலை. புளியமரங்கள் மிச்சமிருக்கும் ஒரு வளைவில், நடுச்சாலையில் கீரிக்குட்டி ஒன்று செத்துக் கிடந்தது. தாய்க்கீரி அதன் பிடரியைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு முழம் இழுக்கும், வண்டிச் சத்தம் கேட்டால் புல்லுக்குள் ஓடும், மறுபடி வரும். புல்லோரத்தில் இன்னொரு குட்டி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எதிரே பேருந்து வந்தது. என்ன துணிச்சலோ, நடுவில் போய் நின்று கையைக் காட்டினேன். பிரேக் அலறியது.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா, சாகுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?"

நான் கீரியைக் காட்டினேன். அவர் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். உள்ளிருந்து யாரோ, "நேரமாச்சுண்ணே" என்றார்கள்.

"செத்த நேரம் இருங்கப்பா. புள்ளைய எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

அது இழுத்து இழுத்துப் புல்லுக்குள் மறைந்தது.

"முன்ன மாதிரி இப்ப அம்புட்டு அடிபடுறதில்லண்ணே. கொறஞ்சிருக்கு" என்றேன், ஆறுதலாக.

"அடிபட ஏதாச்சும் மிச்சமிருந்தாத்தானம்மா? நா இந்த ரோட்டுக்கு வந்த புதுசுல கீரி குறுக்க போகாத நாளே கெடையாது. இப்ப மாசத்துக்கு ஒண்ணு கண்ணுல பட்டாப் பெருசு."

செத்த உடல்கள் குறைந்ததை நல்ல சேதியென்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். பாடம் நடத்துகிற எனக்கே இது தோன்றவில்லை.

அதன்பின் அந்த வளைவுக்கு முன்பே அவர் வேகத்தைக் குறைப்பதைக் கவனித்தேன். என்னைக் கண்டால் கையைத் தூக்குவார். ஆவணி முடிவில் ஒருநாள் எதிரே வந்தவர் வண்டியை மெதுவாக்கி, "டீச்சரம்மா, தாயும் குட்டியும் குறுக்க போச்சு! குட்டி நல்லா வளந்துருச்சு!" என்று கத்தினார். பயணிகள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்த வளைவில் இறங்கி நின்று வெகுநேரம் பார்த்தேன். எதுவும் வரவில்லை. மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் அன்று பள்ளிக்குள் நுழைந்தேன்.