தாண்டிப் போன வீடு

கொரோனா ஓய்ந்து ஊர் பழையபடி நடமாடத் தொடங்கியிருந்த சமயம். விருத்தாசலத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனி. என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அரசு ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டில் கிடந்து, பிழைத்து வீடு வந்திருந்தாள். கோயிலுக்குச் செய்ய நினைத்ததை அந்த வார்டுக்குச் செய்யலாம் என்றார் என் கணவர். குழந்தைக்குச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளும் வார்மர் இன்னொன்று இருந்தால் உதவியாக இருக்கும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். விலையை விசாரித்தோம். எங்கள் கையிருப்பு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சரி, வசூலுக்கே இறங்கிவிடுவோம் என்று கிளம்பினோம். நாங்கள் இருவரும், பக்கத்துக் கம்பெனிக்காரர் ஒருவரும். கொடுக்கிற வீட்டுக்கெல்லாம் பதிலுக்கு ஒரு வெள்ளை யானைப் பொம்மை. பளபளப்பு சரியாக ஏறாததால் கடைக்குப் போகாமல் நின்ற சரக்கு அது. விற்காத யானையைத் தள்ளிவிட நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறீர்கள் என்று கேலி பேசியவர்களும் கொடுக்கத்தான் செய்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். வார்டில் என்னோடு இருந்த ஒரு பெண்ணின் ஊர் அது. எங்கள் இரண்டு பேர் குழந்தைகளும் அடுத்தடுத்த கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. பால் எடுத்துக் கொடுக்க இருவரும் சேர்ந்துதான் போவோம். என் மகள் தேறினாள். அவள் மகன் தேறவில்லை. அவள் ஊருக்குப் போன பிறகு நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

வீடு வீடாகக் கூட்டிப் போக உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். அந்த வீட்டை மட்டும் விட்டுவிடலாம் என்று அவரிடம் சொன்னேன். பிழைத்த பிள்ளையின் தாய், பிள்ளையைப் பறிகொடுத்தவளின் வாசலில் போய் எப்படிக் கை நீட்டுவது? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவள் வாசலைத் தலை குனிந்தபடி கடந்து அடுத்த வீட்டுக்குப் போனோம். நாசூக்காக நடந்துகொண்டோம் என்று எனக்கு ஒரு திருப்தி வேறு.

முடித்துவிட்டு, வழியனுப்ப வந்த உள்ளூர்க்காரரோடு பஸ்ஸுக்கு நின்றபோது அவள் வந்தாள். வேகமாக நடந்ததில் மூச்சு வாங்கியது.

"ஏன்க்கா, எங்க வூட்டுக்கு மட்டும் வரல?"

உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்றுதான், என்று இழுத்தேன்.

"வசூலுக்கு வந்தவங்க ஒரு வூட்ட மட்டும் தாண்டிப் போனா, அந்த வூட்ட ஊரு தள்ளி வச்சிருக்குதுன்னு அர்த்தம்க்கா. தெருவே என்னன்னு கேக்குது. எங்க மாமியாரு ஏற்கெனவே என்னைய ராசியில்லாதவன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்குது. இப்ப, ஒன்னாலதான் நம்ம வாசலக்கூட மிதிக்கலன்னுடுச்சு."

டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது. எங்கள் தெருவில் வசூலுக்கு வருகிறவர்கள் ஒரு வீட்டை விட்டால், அந்த வீடு பூட்டியிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். நான் இரக்கம் என்று நினைத்துச் செய்தது அவள் தலையில் பழியாக விழுந்திருந்தது. அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை, நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எம் புள்ளையையும் அந்த நர்சுங்க ஒரு கொறையும் வைக்காமதான் பாத்தாங்க. கடைசி வரைக்கும் பாத்தாங்க. அதுக்கு நான் குடுக்கக் கூடாதாக்கா?"

பஸ் வந்தது. ஏறவில்லை, விட்டுவிட்டோம். எல்லோரும் மறுபடி அந்தத் தெருவுக்குள் நடந்தோம். அந்த உள்ளூர்க்காரர் விவரமானவர். நடுத்தெருவில் முன்னால் போய்க்கொண்டே, இந்த வீட்டுக்கு நிதானமாக வரலாம் என்றுதான் கடைசிக்கு வைத்தோம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சத்தமாகச் சொன்னார். வாயில் வந்த பொய்தான். நான் மறுக்கவில்லை.

மாமியார் வாசலில் நின்றிருந்தார். உள்ளே அழைத்து உட்காரவைத்து மோர் கொடுத்தார். கதவுக்கு வெளியே அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர். மடியிலிருந்து பணத்தை எடுத்து என்னிடம் நீட்டப் போனவர், என்ன தோன்றியதோ, மருமகளைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தார்.

"நீயே குடு. நீதான அங்க கெடந்தவ."

அவள் அதை வாங்கி என் கையில் வைத்தாள். அதன் பிறகுதான் அவளுக்குக் கண் கலங்கியது. பாப்பா இப்போது எத்தனை கிலோ இருக்கிறாள் என்று கேட்டாள். இந்தக் கேள்விக்குப் பயந்துதானே நான் அவளுக்குப் போன் செய்யாமல் இருந்தேன்? சொன்னேன். நல்லா வரட்டும் என்றாள்.

அந்த வருடமே வார்மரை வாங்கிக் கொடுத்துவிட்டோம். வார்டுக்கு நாங்கள் செய்தது பெரிய காரியம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். எனக்கு நினைவில் நிற்பது அது இல்லை. துக்கம் நடந்த வீட்டில் என்ன பேசுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் பேசத் தெரியவில்லை என்பதற்காக யார் வீட்டு வாசலையும் நான் தாண்டிப் போவதில்லை.